விளையாட்டுப் பெட்டியின் தளர்ச்சியும் படைப்பின் கதியும்

   

ஒரு படைப்பு எந்தப் பொருளில் தங்கியிருக்கிறதோ அந்தப் பொருள் நலிந்தால் படைப்பின் கதி என்னாகும் என்பது இவ்வவைக்குப் புதிய கேள்வியன்று. அப்பழைய கேள்வி இன்று எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து எழுகின்றது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி, கடைக்காரர் வழக்கில் கன்சோல், ஐம்பது ஆண்டுகள் தழைத்த பின்னர்த் தளரத் தொடங்கியிருக்கின்றது. விளையாட்டுச் சாமானுக்கும் இலக்கிய அவைக்கும் என்ன உறவு என்று கேட்பார் இருக்கலாம். 'பென்டிமென்ட்' என்னும் விளையாட்டை அறிந்தவர்கள் அவ்வாறு கேளார்.

2022 நவம்பரில் அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கி வெளிவந்த அவ்விளையாட்டின் களம் பதினாறாம் நூற்றாண்டின் பவேரியா. அங்குள்ள மடம் ஒன்றில் துறவியர் நூல்களைக் கையால் படியெடுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கின்றனர். வெளியுலகிலோ அச்சுப்பொறி வந்துவிட்டது. ஆடுபவர் ஆந்திரியாஸ் என்னும் இளம் ஓவியனாக அவ்வூரில் உலவுகிறார். மாந்தரின் பேச்சு அங்கே குரலாக வருவதில்லை, எழுத்தாகவே வருகின்றது. துறவியின் பேச்சு மடத்துக் கையெழுத்தில், குடியானவனின் பேச்சு கிறுக்கலில், கற்றோரின் பேச்சு ஒழுங்குற்ற வரிவடிவில், அச்சகத்தாரின் பேச்சு ஈய எழுத்துகளைக் கோத்து அழுத்தியது போல் தோன்றும். சினந்து பேசினால் மை தெறிக்கும். எளியவர் என்று எண்ணியிருந்த ஒருவர் கற்றவர் என ஓவியனுக்குத் தெரியவரும்போது, அவருடைய பேச்சின் எழுத்து வடிவமே மாறிவிடுகின்றது. ஒரு மனிதரைப் பற்றிய மதிப்பீடு மாறும் கணத்தை இத்துணை நுட்பமாகக் காட்டும் உத்தி நல்ல நாவல்களிலும் அரிது. இத்தகைய படைப்புகளைத் தாங்கி நின்ற பெட்டியின் கதையே இங்குப் பேசப்பெறுகின்றது.

இப்பெட்டியின் தந்தை எனத்தக்கவர் ரால்ஃப் பேர். 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்து, பொறியாளர் ஆனவர். வீடுதோறும் இருக்கும் தொலைக்காட்சியைப் பார்ப்பதற்கு மட்டுமன்றி ஆடுவதற்கும் பயன்கொள்ளலாமே என்று 1966இல் அவர் எழுதிவைத்த குறிப்பு, 1972இல் 'மேக்னவாக்ஸ் ஒடிசி' என்னும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. அதற்கு ஒலியில்லை, நிறமும் இல்லை. வண்ண ஓவியம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சித் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு, அதன் பின்னே நகரும் வெள்ளைப் புள்ளிகளை ஆட்டக்காரர்களாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கற்பனைக்கு அன்றிருந்த வேலை பிற்காலத்துப் பெட்டிகளில் இல்லை என்பது வேறு கதை.

1977இல் வந்த அட்டாரியின் பெட்டி இதனைப் பெருந்தொழிலாக்கிற்று. பெட்டி தனி, விளையாட்டு தனி. விளையாட்டு அடங்கிய கேசட்டைச் செருகி ஆடலாம். ஆனால் எவர் வேண்டுமானாலும் அதற்குக் கேசட் செய்து விற்கலாம் என்னும் நிலை வந்தபோது நெல்லினும் பதர் மிகுந்தது. 'ஈ.டி.' திரைப்படத்தை ஒட்டிய விளையாட்டை 1982ஆம் ஆண்டின் கிறித்துமஸ் விற்பனைக்குள் கொண்டுவர வேண்டுமென்று, ஓவர்டு ஸ்காட் வார்ஷா என்பவர் ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் உருவாக்கி முடித்தார். விற்காமல் தேங்கிய சரக்கை, அதனுடன் வேறு பலவற்றையும் சேர்த்து, 1983இல் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைக் குழியில் லாரி லாரியாகக் கொட்டிப் புதைத்தனர். 300 கோடி டாலரைத் தாண்டியிருந்த இத்தொழிலின் ஆண்டு வருவாய் அமெரிக்காவில் 1985 அளவில் 10 கோடி டாலராகச் சுருங்கியது. (2014இல் அக்குழியைத் தோண்டிக் கேசட்டுகளை எடுத்தனர். அவற்றுள் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குப்பைக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே உள்ள தொலைவு முப்பது ஆண்டுகள்தாம் போலும்!)

அந்த வீழ்ச்சிக்கு மருந்து கண்டது ஜப்பானின் நின்டெண்டோ. 1889இல் கியோத்தோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 1985இல் அமெரிக்கச் சந்தைக்குத் தன் பெட்டியைக் கொண்டுசென்றபோது, அதனுள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. கேசட்டில் அதற்கிணையான சில்லு இருந்தால்தான் பெட்டி திறக்கும். உரிமம் பெற்றோர் மட்டுமே விளையாட்டு வெளியிடலாம். ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது. பதர் குறைந்தது, தொழில் மீண்டது. பிற்காலப் பெட்டிகள் யாவும் ஏதேனும் ஒரு வகையில் இப்பூட்டைக் கைக்கொண்டன. இத்தொழிலை வாழ்வித்த அந்தப் பூட்டே படைப்பைப் பெட்டிக்குள் சிறைவைத்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இன்று எழும் சிக்கல் முழுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கின்றது.

ஒன்றை இடையே சொல்லவேண்டும். ஜப்பானில் 1983இல் விற்பனைக்கு வந்த 'ஃபேமிகாம்' என்னும் மூலப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. ஆதலால் அதன் போலிகள் ஆசியா எங்கும் பெருகின. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வேறு வேறு பெயர்களில் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அப்போலிகளே. ஒரே கேசட்டில் பல விளையாட்டுகள் என்று அட்டைப்பெட்டியின்மேல் பெரிய எண் அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் ஒன்றே பலவாகத் திரும்பத் திரும்ப வரும். மாரியோ என்னும் மீசைக்காரக் குழாய்த் தொழிலாளியை ஒரு தலைமுறைத் தமிழ்ச் சிறுவர் அறிந்துகொண்டது பூட்டில்லாத அந்தப் பெட்டியின் வழியாகத்தான்.

வீழ்ச்சியின் இரண்டாம் முகம் சேகா நிறுவனத்தின் கதையில் தெரிகின்றது. 1998 நவம்பரில் அது வெளியிட்ட 'டிரீம்காஸ்ட்' காலத்திற்கு முந்திப் பிறந்த பிள்ளை. இணையத் தொடர்புக்கான மோடத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஆயினும் சோனியின் இரண்டாம் பிளேஸ்டேஷன் 2000இல் வந்தபோது அதன்முன் நிற்க முடியவில்லை. 2001 சனவரியில் பெட்டித் தொழிலையே விட்டுவிடுவதாகச் சேகா அறிவித்தது. நிறுவனத் தலைவர் இசாவோ ஒகாவா தம் சொந்தப் பங்குகளை, ஏறத்தாழ 8,500 கோடி யென் மதிப்புடையவற்றை, நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டு அவ்வாண்டு மார்ச்சில் இறந்தார். அதே ஆண்டு முடிவதற்குள் சேகாவின் நீல முள்ளெலி 'சோனிக்', நேற்றுவரை பகைவராக இருந்த நின்டெண்டோவின் கைப்பெட்டியில் ஓடத் தொடங்கிற்று. பெட்டி மாண்டது, பாத்திரம் வீடு மாறிப் பிழைத்தது. இன்று நடப்பதற்கு இதுவே முன்னோட்டம்.

இத்தொழிலுக்கென எழுதப்படாத ஒரு விதி இருந்தது. பெட்டியைக் குறைந்த இலாபத்திலோ நட்டத்திலோ விற்பது; விளையாட்டின் விலையிலும் உரிமத் தொகையிலும் அதனை ஈடுகட்டுவது; ஆண்டு செல்லச் செல்லப் பெட்டியின் விலையைக் குறைத்து எளியோர் வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பது. இரண்டாம் பிளேஸ்டேஷன் 2000இல் அமெரிக்காவில் 299 டாலர், 2002இல் 199, 2009இல் 99. சில்லுகளை மேன்மேலும் சிறிதாக, மலிவாக வார்க்க முடிந்ததால் இது இயன்றது. அந்தப் பெட்டி 16 கோடிக்கு மேல் விற்றது. 2025 முடியும் வரையிலும் வேறெந்தக் கன்சோலும் அவ்வெண்ணைத் தாண்டவில்லை.

அவ்விதி இப்போது தலைகீழாயிற்று. சில்லை மேலும் சிறிதாக்குவது இன்று விலையைக் குறைப்பதில்லை. 2020 நவம்பரில் 499 டாலருக்கு வந்த ஐந்தாம் பிளேஸ்டேஷன், ஐந்தாண்டு பழையதாகும் தறுவாயில், 2025 ஆகஸ்டில் 549 டாலரைத் தாண்டியது. அதே 2020இல் 499 டாலருக்கு வந்த மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025இல் இருமுறை ஏறி அக்டோபரில் ஏறக்குறைய 650 டாலரானது. புதிதாக வந்தபோது வாங்க இயலாதவன் நாளாவட்டத்தில் வாங்கிவிடலாம் என்று காத்திருந்த வழி அடைபட்டது. ஐந்தாண்டு காத்திருந்த ஏழைக்குக் கிடைத்த பரிசு கூடுதல் விலை!

விளையாட்டை உருவாக்கும் செலவோ இன்னும் கொடிது. 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் சோனி அளித்த ஆவணங்களில், மறைக்க வேண்டிய எண்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தனர். ஆவணத்தைப் படியெடுத்தபோது மைக்கு அடியிலிருந்த எண்கள் தெரிந்துவிட்டன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர். 'ஹொரைசன்' இரண்டாம் கதைக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். இருநூறு முந்நூறு பேரின் ஐந்தாறு ஆண்டு உழைப்பு ஒரே படைப்புக்குச் செல்கின்றது. அத்துணைப் பணம் போட்டவர் துணிந்து புதியது செய்வாரா? பழைய வெற்றியின் இரண்டாம் பாகமும் மறுபதிப்பும் பெருகியதற்குக் கலைஞரின் வறட்சி காரணமன்று. கணக்குப் பிள்ளையின் அச்சமே காரணம். துணிந்த இடத்திலும் விளைவு வேறாயிற்று. சோனி 2024 ஆகஸ்ட் 23இல் வெளியிட்ட 'கான்கார்டு' என்னும் இணைய விளையாட்டு, ஆடுவார் இன்மையால் செப்டம்பர் 6ஆம் நாளே நிறுத்தப்பட்டது. பல ஆண்டுப் பணிக்கு இரண்டு வார வாழ்வு. அக்டோபரில் அதனை உருவாக்கிய கூடமும் மூடப்பட்டது.

தளர்ச்சி வெளிப்படையாகத் தெரிவது மைக்ரோசாப்டிடம். விற்ற பெட்டிகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் வழக்கத்தை அது 2015இலேயே நிறுத்திக்கொண்டது; நோயாளி எடை பார்ப்பதை நிறுத்தியது போல. பெட்டி விற்பனை வருவாய், முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட, 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 42 விழுக்காடும், 2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் 29 விழுக்காடும் குறைந்தன. ஆக்டிவிஷன் பிலிசார்டு நிறுவனத்தை 2023 அக்டோபரில் ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த சனவரியில் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. 2024 நவம்பரில் வந்த அதன் விளம்பரம் கருதத்தக்கது. அலைபேசியைக் காட்டி இதுவும் எக்ஸ்பாக்ஸ், மடிக்கணினியைக் காட்டி இதுவும் எக்ஸ்பாக்ஸ், தொலைக்காட்சியைக் காட்டி இதுவும் எக்ஸ்பாக்ஸ் என்றது. பொருள் நழுவிப் பெயர் மட்டும் வேறொன்றுக்கு ஆகி நிற்பதை இலக்கணம் கற்றோர் ஆகுபெயர் என்பர். ஒரு பெட்டி ஆகுபெயர் ஆனபின் அதனைக் கடையில் காசு கொடுத்து எவர் வாங்குவார்?

2024 பிப்ரவரியில் தன் பெட்டிக்கும் கணினிக்கும் மட்டும் உரியவையாக வைத்திருந்த நான்கு விளையாட்டுகளைப் பிறர் பெட்டிகளுக்கும் கொடுப்பதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அந்நான்கனுள் ஒன்று 'பென்டிமென்ட்'. கையெழுத்து ஏடு அச்சுக்கு வழிவிட்ட காலத்தைப் பாடிய படைப்பு, பிறந்த பெட்டியை விட்டு வெளியேறிய முதல் அணியில் நின்றது. அதனால் அதற்கு நன்மையே விளைந்தது; இரண்டு பெட்டிகளில் இருப்பது ஒன்றில் இருப்பதைவிட நீண்ட ஆயுள். 2001இல் எக்ஸ்பாக்ஸுடன் ஒருசேரப் பிறந்து அதன் முகவரியாகவே விளங்கிய 'ஹேலோ'வும் சோனியின் பெட்டிக்குச் செல்லும் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சேகாவின் முள்ளெலி சென்ற வழி அது.

அப்படியானால் கன்சோல் தொழில் முழுவதும் மடிகின்றதா? அவ்வாறு கூறுவது உண்மைக்கு மாறாகும். 2025 ஜூன் 5இல் வந்த நின்டெண்டோவின் இரண்டாம் ஸ்விட்ச், முதல் நான்கு நாட்களில் 35 லட்சம் விற்றது. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டியது. சோனியின் ஐந்தாம் பிளேஸ்டேஷன் அதே செப்டம்பர் அளவில் 8 கோடியே 40 லட்சத்தைக் கடந்திருந்தது. எண்களைப் பார்த்தால் மரம் பச்சையாகவே இருக்கிறது. வேரில்தான் மாற்றம். வாங்கியவனுக்குச் சொந்தமான பெட்டி, அதில் இடக்கூடிய சொந்தமான வட்டு, அதனைத் தம்பிக்குக் கொடுக்கலாம், நண்பனுக்கு இரவல் தரலாம், பழைய கடையில் விற்கலாம் என்றிருந்த உடைமை உறவுதான் நலிகின்றது.

2024 நவம்பரில் ஏறக்குறைய 700 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் புரோவில் வட்டு செருகும் வாயே இல்லை. வேண்டுவோர் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஸ்விட்ச்சுக்கு வரும் கேசட்டுகளில் ஒரு வகை இன்னும் வியப்பானது. கடையில் பெட்டியோடு, அட்டைப் படத்தோடு விற்கிறது. உள்ளே சிறு கேசட்டும் இருக்கிறது. ஆனால் அக்கேசட்டில் விளையாட்டு இல்லை! இணையத்திலிருந்து விளையாட்டை இறக்கிக்கொள்ள ஒரு சாவி மட்டுமே அதில் உண்டு. வீட்டை விலைபேசி வாங்கியவன் கையில் சாவி மட்டும் கிடைத்தது. வீடு வேறொருவர் மனையில் நிற்கிறது. சந்தா முறையோ வாடகை வீடு. எக்ஸ்பாக்ஸின் உயர்நிலைச் சந்தா 2019இல் திங்களுக்கு 14.99 டாலர், 2025 அக்டோபரில் 29.99. சிற்றிதழ்ச் சந்தா முடிந்தாலும் பழைய இதழ்கள் அலமாரியில் இருக்கும்; இச்சந்தா முடிந்தால் அலமாரியே மறைந்துவிடும்.

வேறொருவர் மனையில் நிற்கும் வீட்டுக்கு நேர்வது என்ன? 2023 மார்ச் 27இல் நின்டெண்டோ தன் இரண்டு பழைய பெட்டிகளுக்கான இணையக் கடையை மூடியது. 2024 ஜூலை 29இல் மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் 360இன் கடையை மூடியது. வட்டாக வெளிவராமல் அக்கடைகளில் மட்டும் கிடைத்த விளையாட்டுகளை அதன்பின் புதிதாக எவரும் வாங்க இயலாது. சோனியும் 2021இல் தன் மூன்றாம் பிளேஸ்டேஷன் கடையை மூடுவதாக அறிவித்து, ஆடுவோர் கூக்குரல் எழுப்பியதால் மூன்று வாரங்களில் மனம் மாறியது. யுபிசாப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் அணைத்தது. தனியே ஆடுவதற்கும் சர்வர் தேவைப்பட்ட விளையாட்டு அது. காசு கொடுத்து வாங்கியவர் கையிலிருந்த வட்டு அன்றே வெறும் தட்டானது. இதனைக் கண்டித்துத் தொடங்கிய இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் மனுவாக வளர்ந்து, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டிற்று. கலிபோர்னியாவிலோ 2025 சனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணையக் கடையில் விற்பது உடைமையன்று, உரிமம் மட்டுமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. நோயைத் தீர்க்காமல் நோயின் பெயரைச் சொல்லிவிடும் சட்டம்.

ஓலைச்சுவடியைச் செல் அரிக்கலாம். நெருப்பும் நீரும் கொள்ளலாம். ஆயினும் எஞ்சிய ஒரு படியைப் படிக்கக் கற்றவரின் கண் ஒன்றே போதும். எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த எவரும் மற்றொரு படி எடுத்துவிடலாம். விளையாட்டுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அதனை வாசிக்க அதற்கே உரிய பொறி வேண்டும். அப்பொறியின் பூட்டு திறக்க வேண்டும். பூட்டை உடைத்துப் படியெடுப்பதோ பல நாடுகளில் குற்றம். அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று கண்டது. பதிப்பு அற்றுப்போன இவற்றை நூலகங்கள் தொலைவிலுள்ள ஆய்வாளர்க்கு இணையவழி திறந்துகாட்ட ஒப்புதல் வேண்டும் என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பழைய விளையாட்டை ஆராய விரும்புவோர் நூலகக் கட்டடத்துக்கே செல்ல வேண்டும்.

ஆர்வலர் சிலர் வேறு வழி கண்டனர். பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் நிரலைக் கணினியில் எழுதி, அதில் பழைய விளையாட்டுகளை இயக்குகின்றனர். எமுலேட்டர் என்று அதற்குப் பெயர். மாண்ட பெட்டிகளின் படைப்புகள் பல இன்று உயிரோடிருப்பது அவர்தம் கைம்மாறு கருதாத உழைப்பால்தான். ஆனால் வாழும் பெட்டிக்கும் அவ்வாறே செய்தபோது நின்டெண்டோ வழக்குத் தொடுத்தது. 'யூசு' என்னும் நிரலை எழுதியோர் 2024 மார்ச்சில் 24 இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு நிரலையும் நிறுத்தினர். நின்டெண்டோவின் முறையீட்டை முற்றும் தள்ளிவிட முடியாது. 2023 மே மாதத்தில் வெளிவர இருந்த 'செல்டா' விளையாட்டு, வெளியீட்டு நாளுக்கு முன்பே பத்து லட்சம் முறைக்கு மேல் திருட்டாக இறக்கப்பட்டது என்பது அதன் வழக்குரை. எனினும் பெட்டியைச் செய்தவரே படைப்புக்கும் காவலர், அவர் கைவிட்டால் வேறு காவலர் இல்லை என்னும் நிலையை எந்தக் கலையும் தாங்காது.

இந்நிலையின் முழுக் கடுமையும் 'பி.டி.' என்னும் சிறு படைப்பின் வரலாற்றில் இருக்கின்றது. ஜப்பானிய விளையாட்டுப் படைப்பாளி ஹிதேயோ கோஜிமாவும் மெக்சிகோவின் திரைப்பட இயக்குநர் கிலெர்மோ டெல் டோரோவும் சேர்ந்து உருவாக்கவிருந்த பெரிய விளையாட்டு ஒன்றுக்கு முன்னோட்டமாக, 2014 ஆகஸ்டில் நான்காம் பிளேஸ்டேஷனின் இணையக் கடையில் இலவசமாக வைக்கப்பட்டது அது. ஒரு வீடு. அதில் வளைந்து செல்லும் ஒரே ஒரு நடைவழி. கோடிக் கதவைத் திறந்தால் அதே நடைவழியின் தொடக்கத்திலேயே ஆடுபவர் வந்து நிற்பார். மீண்டும் நடந்தால் மீண்டும் அதே வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். விளக்கு நிறம் மாறும்; வானொலி வேறொன்று சொல்லும்; குளியலறைக் கதவு சற்றே திறந்திருக்கும். அந்தாதி போல் முடிவே தொடக்கமாகும் அமைப்பில் இத்துணை அச்சம் பொதிய முடியும் என்று காட்டிய படைப்பு அது. பெரிய விளையாட்டை வெளியீட்டாளர் கொனாமி கைவிட்டது. 2015 ஏப்ரல் 29இல் 'பி.டி.'யும் கடையிலிருந்து அகற்றப்பட்டது. முன்னர்ப் பெற்றிருந்தோரும் மறுபடி இறக்கிக்கொள்ள இயலாதபடி பின்னர் வழி அடைக்கப்பட்டது.

அதன்பின் அப்படைப்பை உள்ளே வைத்திருந்த பழைய பெட்டிகளை ஆயிரம் டாலருக்கு மேல் விலைசொல்லி ஏல விற்பனைக்கு வைத்தனர் சிலர். விற்க மனமில்லாதோர் அப்பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கும் அஞ்சுகின்றனர். உள்ளிருக்கும் நினைவகத் தட்டை மாற்றினால் நடைவழியும் அதனோடு போய்விடும்.